மாணவர் கற்றதை ஆசிரியர் எப்படி அறிகிறார்? வகுப்பறை மதிப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் தமிழ் வகுப்பைச் சேர்ந்தவை. முறைகள் பெரும்பாலும் மற்றப் பாடங்களுக்கும் பொருந்தும்.

மதிப்பீடு என்றாலே தேர்வுதானே?

தேர்வு மதிப்பீட்டின் ஒரு வகை மட்டுமே. கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன கற்பிக்கலாம் என்று தீர்மானிப்பதற்காகச் செய்வதை வளர்நிலை மதிப்பீடு என்கிறோம். ஒரு பருவமோ ஆண்டோ முடிந்தபின், எவ்வளவு கற்றார்கள் என்று கணக்கெடுப்பது முடிவுநிலை மதிப்பீடு. இந்த வேறுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் பாடத்திட்டங்களை மதிப்பிடுவதற்காகச் சொன்னார். பிறகு பெஞ்சமின் புளூம் அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு வினாத்தாள் தன்னளவில் எந்த வகையையும் சேர்ந்ததன்று. பத்து மதிப்பெண் சொல்வதெழுதுதலைத் திருத்தி, மதிப்பெண்ணைப் பதிந்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால் அது முடிவுநிலை. அதே தாளில் எட்டுப் பேர் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதியிருப்பதைக் கண்டு மறுநாள் காலை பத்து நிமிடம் லகர, ளகரப் பயிற்சி கொடுத்தால் அது வளர்நிலை. கண்டுபிடித்ததை வைத்து ஆசிரியரோ மாணவரோ எதையாவது மாற்றிச் செய்தாரா என்பதே கேள்வி. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா முறைகளையும் அந்த அளவுகோலால்தான் எடை போடுகிறோம்.

தொடக்கநிலை 1, 2இல் தேர்வே இல்லையே, பிள்ளை கற்கிறதா என்று எப்படித் தெரியும்?

2019 முதல் இந்த இரு நிலைகளிலும் ஆண்டு மதிப்பெண்ணில் சேரும் மதிப்பீடுகளும் தேர்வுகளும் இல்லை. அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று குறிப்பதும் அதே ஆண்டில் நின்றது. ஆனால் மதிப்பிடுவது நிற்கவில்லை. உற்றுநோக்கல்தான் இங்கே முதன்மையான கருவி.

உற்றுநோக்கல் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வது. 25 பேர் கொண்ட வகுப்பில் ஒரு பாடவேளைக்கு ஐந்து பேரை மட்டும் முன்கூட்டியே தெரிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து பாடவேளைகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திறனைப் பாருங்கள், எடுத்துக்காட்டாக 'படத்தைப் பார்த்து முழு வாக்கியத்தில் பேசுகிறார்'. மூன்று குறியீடுகள் போதும்: தானே செய்கிறார், தூண்டினால் செய்கிறார், இன்னும் இல்லை. 'தூண்டினால்' என்று குறிக்கும்போது எந்தத் தூண்டல் கொடுத்தீர்கள் என்று இரண்டு சொல்லாவது எழுதிவையுங்கள். அடுத்த வாரம் கற்பிக்கப் பயன்படப்போவது அந்த இரண்டு சொற்கள்தான். பாடம் முடிந்து மாலையில் நினைவிலிருந்து நிரப்பும் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் சுறுசுறுப்பான பிள்ளைகள் உயர்ந்தும் அமைதியான பிள்ளைகள் தாழ்ந்தும் தெரிவார்கள்.

வகுப்பில் கேள்வி கேட்பதும் மதிப்பீடா?

ஆம், நாள்தோறும் நடக்கும் மதிப்பீடு அதுதான். ஆனால் கை தூக்குகிறவரை மட்டும் கேட்டால், ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்பதுதான் தெரியவரும். பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சிகளிலிருந்து ஒன்றை உருவிக் கேட்பது எளிய மாற்று. கேள்வியை முதலில் கேட்டு, பொறுத்து, பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

பொறுக்கும் நேரமும் முக்கியம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டார். அது மூன்று வினாடியாகக் கூடியபோது விடைகள் நீண்டன, விடை சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வரும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடிப்பிடிக்க இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஐந்து வினாடி வரை அமைதியாக இருக்கப் பழகுங்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சிறு வெள்ளைப்பலகையில் எழுதித் தூக்கிக் காட்டுவது இன்னும் நல்லது. அதற்கேற்ற கேள்வியைப் பாடத்துக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் வேறொரு குழப்பம் இருக்குமாறு அமைத்தால், பலகைகளை ஒரு முறை பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும்:

மரக்கிளையில் குருவிகள் ______.
அ. உட்கார்ந்திருக்கிறது
ஆ. உட்கார்ந்திருக்கின்றன
இ. உட்கார்ந்திருக்கிறார்கள்

'அ' எழுதியவர் பேச்சுவழக்கை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவருகிறார். 'குருவிங்க உட்காந்திருக்கு' என்பது பேச்சில் இயல்பு. 'இ' எழுதியவருக்குப் பன்மை புரிந்திருக்கிறது, திணை குழம்பியிருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே விளக்கம் கொடுத்தால் ஒருவருக்கு அது வீண். முதலாமவருக்குப் பேச்சையும் எழுத்தையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். இரண்டாமவருக்கு உயர்திணை, அஃறிணைப் பெயர்களைப் பிரித்தடுக்கும் பயிற்சி போதும்.

வெளியேறும் சீட்டு எப்படிப் பயன்படுகிறது?

பாடத்தின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு கேள்வி, ஒரு சிறு தாள். வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடாமல் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை. ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகக்கூடாது. மூன்றாவது அடுக்கில் நாலைந்து தாளே இருந்தால் மறுநாள் அவர்களை மட்டும் ஒரு குழுவாக அழைக்கலாம். வகுப்பில் பாதிப்பேர் அங்கே இருந்தால் பாடத்தை வேறு வழியில் மீண்டும் எடுக்க வேண்டும். 'இன்று என்ன கற்றாய்?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் பலகையில் இருந்த தலைப்பை எழுதித் தருவார்கள். 'நான் பேனா வாங்கினேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்து எழுதச் சொல்வதுபோல், கற்றதைச் செய்துகாட்ட வைக்கும் கேள்வியே பயன் தரும்.

சொல்வதெழுதுதல், குறும்புதிர் எல்லாம் பிள்ளைகளை வதைப்பதாகாதா?

மதிப்பெண்ணில் சேராதவரை ஆகாது, கற்பதற்கு உதவும். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிடப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எனவே பத்துச் சொல் கேட்டால் ஆறு இந்த வாரத்தவை, இரண்டு போன வாரத்தவை, இரண்டு போன மாதத்தவை என்று கலந்து கேளுங்கள். இந்த வாரச் சொற்களையே கேட்டால் முந்தைய இரவு மனப்பாடம் செய்தது மட்டும்தான் அளக்கப்படும்.

மதிப்பெண்ணில் சேரும் மதிப்பீடுகள் இப்போது எத்தனை?

தொடக்கநிலை 3 முதல் ஒரு பாடத்துக்கு ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது. அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023இல் எல்லாத் தொடக்க, உயர்நிலை வகுப்புகளிலும் நீங்கின. அந்த நேரத்தைப் பயிற்சித் தாள்களால் நிரப்பினால் மாற்றத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

நல்ல வினாத்தாளை எப்படித் தயாரிப்பது?

கேள்விகளிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கற்பித்த திறன்கள், மேலே சிந்தனை நிலைகள்: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், புதிய சூழலில் பயன்படுத்தல். 40 மதிப்பெண் தாள் என்றால், வேற்றுமைக்கு எட்டு வாரத்தில் இரண்டு வாரம் செலவிட்டிருந்தால் அதற்கு ஏறத்தாழ 10 மதிப்பெண். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மதிப்பெண் என்று எழுதி, கடைசியில்தான் கேள்வி எழுத வேண்டும். பழைய தாள்களிலிருந்து கேள்விகளைப் பொறுக்கிச் சேர்த்த தாளை இந்தக் கட்டத்தில் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலும் நினைவுகூரும் பத்தியே நிரம்பி வழியும்.

எழுதி முடித்ததும் விடைக்குறிப்பைப் பாராமல் இன்னோர் ஆசிரியர் தாளை எழுதிப் பார்க்கட்டும். அவருக்கு இரண்டு விடை சரியாகத் தோன்றும் கேள்வியை அங்கேயே மாற்றிவிடுங்கள். ஒரு கேள்வியின் விடை இன்னொரு கேள்வியில் ஒளிந்திருக்கிறதா என்பதையும் அவரே கண்டுபிடிப்பார்.

தெரிவுவிடை வினாக்களில் ஊகித்தே மதிப்பெண் வாங்கிவிடலாமே?

ஓரளவுக்கு. நான்கு தெரிவுகள் கொண்ட பத்து வினாக்களை முழுக்க ஊகித்தால் சராசரியாக இரண்டரை மதிப்பெண் கிடைக்கும். ஐந்தோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ எட்டு. ஆகவே ஒரு திறனைப் பற்றி முடிவெடுக்க ஒரே ஒரு தெரிவுவிடை வினாவை நம்பக்கூடாது.

பெரிய கோளாறு ஊகம் அன்று, உயிரில்லாத தெரிவுகள். நான்கில் ஒன்று சிரிப்பு மூட்டும் விடை, சரியான விடை மட்டும் நீளமானது, 'மேற்கூறிய அனைத்தும்' என்று வந்தாலே அதுதான் விடை. இவையெல்லாம் தமிழை அல்ல, தேர்வெழுதும் சாமர்த்தியத்தை அளக்கின்றன. நான்காவது தெரிவுக்கு உண்மையான குழப்பம் எதுவும் கிடைக்கவில்லையென்றால் வகுப்புப் பயிற்சியில் மூன்றோடு நிறுத்தலாம். மூன்று தெரிவுகளே போதும் என்பதைப் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் மைக்கேல் ராட்ரிகஸ் காட்டினார். நல்ல தெரிவுகள் வேண்டுமானால் முன்பு சுயவிடையாகக் கேட்டபோது மாணவர்கள் எழுதிய தவறான விடைகளையே எடுத்தாளுங்கள்.

சுயவிடைக் கருத்தறிதலில் பகுதியிலிருந்து பெயர்த்தெழுதியே மதிப்பெண் பெறுகிறார்களே?

கேள்வியில் உள்ள சொல்லும் பகுதியில் உள்ள சொல்லும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். பகுதியில் 'கவிதா தாமதமாக வந்தாள்' என்று இருந்து, 'கவிதா ஏன் தாமதமாக வந்தாள்?' என்று கேட்டால் பிள்ளை அந்த வரியைத் தேடி முன்பின் இரண்டு வாக்கியத்தோடு எழுதிவிடும். 'கவிதாவால் ஏன் நேரத்துக்கு வர முடியவில்லை?' என்று மாற்றுங்கள். தேவைக்கு மேல் பெயர்த்தெழுதினால் முழு மதிப்பெண் இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டுரைக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுகிறதே, இதை எப்படிக் குறைப்பது?

முழுவதும் நீக்க முடியாது, குறைக்கலாம். கருத்து, அமைப்பு, மொழி என்று கூறு கூறாகப் பிரித்த மதிப்பீட்டு அளவுகோல் முதல் தேவை. அதில் 'நன்று', 'மிக நன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. 'நிகழ்ச்சிகள் காரண காரியத்தோடு தொடர்கின்றன', 'நிகழ்ச்சிகள் வரிசையாக உள்ளன, காரணம் சொல்லப்படவில்லை' என்பதுபோல் தாளில் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுத வேண்டும்.

அடுத்தது ஒத்திசைவுக் கூட்டம். உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது என்ற மூன்று நிலைக்கும் இரண்டிரண்டாக ஆறு கட்டுரைகளை நகலெடுங்கள். ஆசிரியர்கள் தனித்தனியே, நகலில் எதுவும் எழுதாமல் மதிப்பெண் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். 40 மதிப்பெண்ணில் 3க்கு மேல் வேறுபாடு வந்தால் யார் சரி என்று வாதாட வேண்டாம், அளவுகோலின் எந்த வரியை யார் எப்படிப் படித்தார் என்று பேசுங்கள். முடிவான ஆறு கட்டுரைகளையும் திருத்தும்போது மேசைமேல் வைத்திருங்கள்.

திருத்தும் வரிசையும் மதிப்பெண்ணை மாற்றும். மிகச் சிறந்த கட்டுரைக்கு அடுத்து வரும் சுமாரான கட்டுரை இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பெயரை மடித்து மறைத்து, கட்டைக் கலைத்து அடுக்குங்கள். கட்டு முழுவதும் முடிந்தபின் முதல் ஐந்தை மீண்டும் பாருங்கள், கை இறுகியோ தளர்ந்தோ போயிருப்பது அங்கே தெரிந்துவிடும். அழகான கையெழுத்து கருத்து மதிப்பெண்ணையும் சேர்த்து உயர்த்துவது மிகப் பொதுவான கோளாறு. ஒரு நல்ல குணம் மற்றெல்லா மதிப்பீட்டிலும் ஒளிவீசும் இந்தப் போக்கை எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே எழுதிவைத்தார்.

மனனம் செய்த தொடக்கங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று தொடங்கும் கட்டுரை, இரவுநேரக் காப்பிக்கடையில் நடக்கும் கதையாக இருந்தால் அந்த வரிகளுக்குக் கருத்தில் மதிப்பில்லை. கதைக்குப் பொருந்தினால் மதிப்பளியுங்கள். பிள்ளை மனனம் செய்ததற்காகத் தண்டிக்க வேண்டியதில்லை, பொருந்தாமையை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும்.

வாய்மொழித் தேர்வில் எந்தத் தமிழை எதிர்பார்க்கிறார்கள்? எழுத்துத்தமிழா, பேச்சுத்தமிழா?

இரண்டையும், வெவ்வேறு இடத்தில். வாய்விட்டு வாசித்தலில் எழுத்துத்தமிழ் எழுதியபடியே வர வேண்டும். உரையாடலில் நல்ல பேச்சுத்தமிழ் வர வேண்டும். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் கிடைத்தது. இது சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியின் பெரிய பலம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வீட்டில் பாட்டியிடம் பேசும் தமிழுக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்த பிள்ளை வாயைத் திறக்கும்.

மதிப்பிடும்போது நடக்கும் தவறு, உரையாடலில் 'சாப்பிட்டாங்க', 'வச்சிட்டுப் போயிட்டாரு' என்று பேசுவதைக் குறையாகக் குறிப்பது. அது குறையே அன்று. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: மனனம் செய்த எழுத்துத்தமிழை ஒப்புவிக்கும் பிள்ளைக்குச் சரளம் என்று மதிப்பெண் போடுவது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குக் கேள்வி போதும். உணவங்காடி நிலையத்தில் ஒருவர் தட்டை மேசையிலேயே விட்டுச் செல்லும் காணொளியைக் காட்டுகிறீர்கள். பிள்ளை தூய்மை பற்றி நீளமாகப் பேசி முடித்ததும், 'அவருக்குக் கை அடிபட்டிருந்தா என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். ஒப்புவித்தவர் அங்கே நின்றுவிடுவார், பேசுகிறவர் யோசித்துத் தொடர்வார்.

தூண்டும் கேள்விகளைப் படிப்படியாக வைத்திருங்கள். முதலில் திறந்த கேள்வி, பதில் வராவிட்டால் காணொளியில் கண்டதைப் பற்றிக் கேள்வி, அதற்கும் வராவிட்டால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்வி. எந்தப் படியில் பேச்சு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே வரிசையில் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

வாசித்தலைக் கேட்கும்போது பகுதியின் நகல் ஒன்றில் குறியிடுங்கள்: விட்ட சொல்லைக் கோடிட்டு அடிப்பது, மாற்றிப் படித்ததை மேலே எழுதுவது, திணறியதற்குப் புள்ளி. தானே திருத்திக்கொண்டதைப் பிழையாக எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த வேக அளவுகளைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். 'உட்கார்ந்திருக்கின்றன' தமிழில் ஒரே சொல்.

நேரம்தான் பெரிய சிக்கல். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 24 பேருக்கு 144 நிமிடம். வாசித்தலைக் கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளத்தில் ஒலிப்பதிவாக வாங்கிக்கொண்டு, நேரடி நேரத்தை உரையாடலுக்கு ஒதுக்கலாம். பதிவுக்கு ஒரே ஒரு முயற்சியா, பலமுறையா என்பதை எல்லாருக்கும் ஒன்றுபோல அறிவித்துவிடுங்கள்.

சிவப்பு மையால் எல்லாப் பிழையையும் திருத்தித் தருவது நல்லதுதானே?

உழைப்பு பெரிது, பலன் சிறிது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு கருத்துரையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

நடைமுறையில், முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அடிக்கடி வரும் ஒரு பிழைவகையைத் தெரிவு செய்து, வரியோரத்தில் குறியீடு மட்டும் இடுங்கள்: எழுத்துப்பிழைக்கு 'எ', வேற்றுமைக்கு 'வே', எழுவாயும் பயனிலையும் ஒட்டாததற்கு 'ஒ', சந்திக்கு 'ச'. பிழை அந்த வரியில் எங்கே என்று பிள்ளையே தேடட்டும். கருத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: 'ரவி ஏன் பயந்தான் என்று இரண்டு வாக்கியம் சேர்.' பிறகு வகுப்பிலேயே 15 நிமிடம் கொடுத்துத் திருத்த வையுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் துணைப்பாட ஆசிரியரின் திருத்தம்தான் திரும்பி வரும்.

மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடலாமா?

அளவுகோலைப் பயன்படுத்தப் பழக்கிய பிறகு. பெயரில்லாத இரண்டு மாதிரிக் கட்டுரைகளை வைத்து எது எந்த நிலை, ஏன் என்று வகுப்பாகப் பேசியபின் தொடங்குங்கள். மதிப்பெண் போட வைக்க வேண்டாம், நட்பும் பகையும் அதில் புகுந்துவிடும்.

தாளைத் திருத்தியபின் கேள்விகளையும் ஆராய வேண்டுமா?

கட்டாயம், அரைமணி நேர வேலைதான். முதலில் எளிமை அளவு: 24 பேரில் 18 பேர் சரியாக எழுதினால் 0.75. அடுத்து வேறுபடுத்தும் திறன்: மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள எட்டுப் பேரில் ஏழு பேரும், கீழே உள்ள எட்டுப் பேரில் மூன்று பேரும் சரி என்றால், நான்கை எட்டால் வகுத்து 0.5. அது நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே போனால் கேள்வியை மீண்டும் படியுங்கள். கழித்தல் குறி வந்தால், அதாவது நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால், முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். அதில் பிழை இல்லையென்றால் கேள்விக்கு இரண்டு பொருள் இருக்கும். ஒரே வகுப்பின் எண்ணிக்கை சிறியது, ஆகவே இந்த எண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டும், தீர்ப்புச் சொல்லா.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் அடைவுநிலைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டு அடைவுநிலைகள். 90உம் மேலும் முதல் நிலை, 85 முதல் 89 இரண்டு, 80 முதல் 84 மூன்று, 75 முதல் 79 நான்கு, 65 முதல் 74 ஐந்து, 45 முதல் 64 ஆறு, 20 முதல் 44 ஏழு, 20க்குக் கீழே எட்டு. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. முன்பிருந்த டி-ஸ்கோர் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது. இப்போது பிள்ளை பெற்ற மதிப்பெண் மட்டுமே நிலையைத் தீர்மானிக்கிறது.

ஆறாம் நிலை இருபது மதிப்பெண் அகலமானது. 46இலிருந்து 63க்கு முன்னேறிய பிள்ளையின் நிலை மாறாது, ஆனால் கற்றல் மிகவும் மாறியிருக்கிறது. அந்த முன்னேற்றத்தைப் பள்ளியும் பெற்றோரும் பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் என்ன கேட்கலாம்?

'என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வாசித்தல், உரையாடல், கருத்தறிதல், கட்டுரை இவற்றில் எது இப்போது பிடிபடவில்லை, தவறு எந்த வகையைச் சேர்ந்தது, அடுத்த நான்கு வாரத்தில் வகுப்பில் அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள், வீட்டில் நாங்கள் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையின் கடைசி மூன்று கட்டுரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்றிலும் ஒரே குறியீடு திரும்பத் திரும்ப வந்திருந்தால், சந்திப்பு நேரம் முழுவதையும் அந்த ஒன்றைப் பற்றிப் பேசவே செலவிடுங்கள்.